பிரீசரில் காத்திருந்த நேர்த்திக் கடா

குளிர்கிடங்கில் வைக்கும் ஒவ்வொரு இறைச்சிப் பொட்டலத்தின் மேலும் மூன்று விஷயங்கள் எழுதியிருக்க வேண்டும். உள்ளே இருப்பது என்ன, எப்போது வந்தது, எப்போது வெளியே போக வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொட்டலத்தை ஏற்கக் கூடாது. மலேசியாவின் ஈப்போ நகரில் எத்தனையோ சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டில் நின்று இந்த விதியை நான் உரக்கச் சொல்லியிருக்கிறேன். முதலாளிகள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். நான் வாசலைத் தாண்டியதும் விதியும் என்னோடு வெளியேறிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுகாதார ஆய்வாளராக என் உத்தியோக வாழ்க்கை அப்படி ஒரு பரஸ்பரப் புரிந்துணர்வில் அமைதியாகக் கழிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அந்த விதியை மீறிய கிடங்கு ஒன்றை மட்டும் நான் நேரடியாக அறிவேன். அது என் சமையலறையில் இருந்தது.

மூடியை மேலே தூக்கித் திறக்கும் பெரிய பிரீசர் அது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்போது மீனும் இறைச்சியும் நிறைத்து வைக்கலாம் என்று என் மனைவி வாங்கியது. பிள்ளைகள் வருவது குறைந்தது. பிறகு மனைவியும் போய்விட்டாள். ஒரு தனி மனிதனுக்கு ஒரு கோழி வாரக்கணக்கில் போதும். விற்றுவிடலாம் என்று இருந்தபோதுதான் அதற்கு வேறு வேலை வந்தது.

எங்கள் தாமானில், அதாவது வரிசை வீடுகள் கொண்ட இந்தக் குடியிருப்பில், இந்து வீடுகள் அதிகம். புரட்டாசியிலும் தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களிலும் பல வீடுகளில் விரதம். விரத வீட்டில் இறைச்சி சமைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. இறைச்சி இருக்கவே கூடாது என்பது இன்னும் கண்டிப்பானவர்களின் வழக்கம். சாமிப் படத்துக்கு நாலடி தூரத்தில் உறைந்த கோழி கிடந்தால் விரதம் என்ன ஆவது? அதற்காகக் காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டவும் மனம் வராது. எனவே, விரதம் பிடிக்காத ஓர் இந்துவின் வீடு தேவைப்பட்டது. நான் விரதம் பிடிப்பதில்லை. அதைக் கொள்கை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் சோம்பேறித்தனம். மாதம் பிறப்பதற்கு முந்திய மாலையில் ஒவ்வொருவராக வந்து மணியடிப்பார்கள். கோழிக்கால், ஆட்டு ஈரல், கடலோர ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்த நண்டு. நான் பொட்டலத்தில் மையால் எழுதி உள்ளே அடுக்குவேன். விரதம் முடிந்த மறுநாள் காலையிலேயே வந்து எடுத்துப் போவார்கள். போகும்போது ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். வருடத்தில் என் வாசல் மணி சலிக்காமல் அடித்த காலம் அதுதான்.

அப்படி ஒரு புரட்டாசிக்கு முந்திய மாலையில் எதிர்வீட்டுப் பெண் ஒரு பெரிய நீலத் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

அவள் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவன் லோரி ஓட்டுநர். ஒரு நாள் லோரியின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்து, மருத்துவர்கள் நடக்கலாம் என்று சொல்லியும், அவன் நடக்கவில்லை. இரண்டு ஊன்றுகோல்களோடு கட்டிலிலிருந்து முன்வாசல் நாற்காலி வரைக்கும் வருவான். அங்கேயே உட்கார்ந்துவிடுவான்.

“ஐயா, பிரீசர்ல எடம் இருக்கா?” என்றாள்.

“எவ்வளவு இருக்கு?”

“ஒரு ஆடு.”

நான் தொட்டியைப் பார்த்தேன். துண்டு துண்டாக, பைகளில் கட்டி, முழு ஆடுதான் இருந்தது.

“என்ன விசேஷம், தங்கச்சி?”

“விசேஷம் இன்னும் வரலைய்யா. இது நேந்துவிட்ட கடா. முனியாண்டிக்கு.”

“முனியாண்டிக்கு நேர்ந்தது என் பிரீசருக்கு ஏன் வருது?”

அவள் நின்றபடியே விளக்கினாள். கணவன் தடி ஊன்றாமல் நடந்துவிட்டால் தோட்டத்து முனியாண்டிக்குக் கடா வெட்டிப் படையல் போடுவதாக வேண்டுதல். கடாவை அவளுடைய அண்ணன் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்த்துவந்தார். தோட்டத்தை வீடுகள் கட்ட விற்றுவிட்டார்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. அண்ணனுக்கு ஈப்போவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது, ஒன்பதாவது மாடியில். ஆட்டை மின்தூக்கியில் ஏற்ற முடியாது. விற்கவும் முடியாது, நேர்ந்துவிட்டது. கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டார்கள். அவர் யோசித்து ஒரு தீர்ப்பு சொன்னார்: உயிரை இப்போதே சாமி முன்னால் கொடுத்துவிடுங்கள், கறியை அவன் நடந்த பிறகு படையுங்கள்.

என் உத்தியோக காலத்தில் நானும் இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்தும் உத்தரவுகள் எழுதியிருக்கிறேன். இவ்வளவு நேர்த்தியாக எழுதியதில்லை.

“அது வரைக்கும் கறி எங்க இருக்கணும்னு பூசாரி சொன்னாரா?”

“ஐஸ்ல வச்சுக்கன்னாரு. எங்க வீட்டு ஐஸ்பெட்டியில இது கொள்ளாது. நாளைக்குப் புரட்டாசி வேற.”

நான் மைப்பேனாவை எடுத்தேன். ஆட்டிறைச்சி என்று எழுதினேன். வந்த தேதியையும் எழுதினேன்.

“வெளிய போற தேதி என்ன போடட்டும்?”

“அவரு நடக்கற அன்னிக்கு.”

“அது தேதி இல்லையே, தங்கச்சி.”

“எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனாய்யா?”

மூன்றாவது விஷயம் எழுதப்படாமலேயே பொட்டலங்கள் உள்ளே போயின. கிடங்கு என்னுடையது, ஆய்வாளரும் நானே. நடவடிக்கை எடுக்க ஆளில்லை.

புரட்டாசி முடிந்தது. மற்றவர்கள் தங்கள் கோழிகளை எடுத்துப் போனார்கள். ஆடு தங்கிவிட்டது. தீபாவளி போனது. தைப்பூச விரதத்துக்குப் புதிய பொட்டலங்கள் வந்து ஆட்டின் மேல் உட்கார்ந்து, பிறகு இறங்கிப் போயின. அடுத்த புரட்டாசியும் அப்படியே. தினமும் காலையில் சமையலறை ஜன்னலைத் திறக்கும்போது எதிர்வீட்டு முன்வாசலைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று. இரண்டு ஊன்றுகோல்கள் ஒரு கைத்தடியாகக் குறைந்திருந்தன. ஆனால் தூரம் கூடவில்லை. கட்டில், நாற்காலி, மறுபடி கட்டில்.

நான் கதவைத் திறந்து வெளியே வந்தால் அவன் அங்கிருந்தே கேட்பான்.

“ஐயா, என் ஆடு எப்படி இருக்கு?”

“உன்ன மாதிரிதான், தம்பி. படுத்தது படுத்தபடி.”

அவன் சிரிப்பான். உள்ளேயிருந்து அவன் மனைவி சிரிக்க மாட்டாள். “அவர நல்லா நாலு வார்த்த கேளுங்கய்யா,” என்பாள். “டாக்டர் நடக்கச் சொல்றாரு. இவரு எங்க போறதுக்கு நடக்கணும்ங்கறாரு.”

“நியாயமான கேள்விதானே,” என்பான் அவன். “லோரி இல்ல. வேல இல்ல. எங்க போவ?”

ஓய்வு பெற்ற முதல் வருடம் நானும் அதே கேள்வியோடு அதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு முறியவில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

இரண்டாவது தைப்பூசம் முடிந்த சமயம் அவள் ஒரு மாலை வந்து பிரீசரின் மூடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஒன்றர வருசமாச்சு. கெட்டுப் போயிருக்குமாய்யா?”

கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டுவிட்டாள். நான் ஒரு முழு விரிவுரையே நிகழ்த்தினேன். பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரியில், விடாமல், இறைச்சி இருந்தால் கிருமிகள் வளர முடியாது, சாவதில்லை, தூங்கும். எனவே எவ்வளவு காலம் ஆனாலும் அது ஆபத்தாகிவிடாது. ருசிதான் போகும். ஓரங்கள் காய்ந்து வெளுத்துப்போகும். கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். வைத்திருந்த காலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இடையில் ஒரு தடவை இளகி, யாருக்கும் தெரியாமல் மறுபடி உறைந்ததா என்பதுதான் கேள்வி.

“இடையில எளகலையே?”

“நான் இருக்கும்போது இளகல.”

“அப்ப சரி,” என்றாள். சரியாகவில்லை என்று முகம் சொன்னது.

“ஒரு வேளை சந்தேகம்னா வேற ஆடு வாங்கிக்கலாமே, தங்கச்சி. மார்க்கெட்டுல கிடைக்குதே.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் படித்த படிப்பெல்லாம் ஒரு கணம் கூச்சப்பட்டது. “நேந்தது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணா? அது சாமிகிட்ட பொய் சொல்றதில்லையா? படச்சத நாலு பேரு சாப்பிடணும்யா. சாப்பிட முடியாதத சாமிக்கு வைக்க முடியாது. இது போச்சுன்னா வேண்டுதல் போச்சு. வேண்டுதல் போச்சுன்னா…” தன் வீட்டு முன்வாசல் பக்கம் திரும்பினாள்.

அவளுக்கு அந்தக் கறியும் அவன் கால்களும் ஒரே கணக்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இறைச்சியைத் தூக்கி எறியச் சொல்வது அவனை எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்வதாகும்.

இங்கேதான் எனக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். சந்தேகம் என்றால் கொட்டிவிடு என்பது எங்கள் தொழிலின் பழைய பாடம். ஆய்வாளருக்கு அதைப்போலப் பாதுகாப்பான வாக்கியம் வேறு இல்லை. கொட்டியவனைப் பிற்பாடு யாரும் விசாரிப்பதில்லை. இன்னொரு பாடமும் உண்டு: தன் சொந்த நலன் கலந்த விஷயத்தில் அதிகாரி சான்று கொடுக்கக் கூடாது. பிரீசர் என்னுடையது. அந்த வீட்டுக்காரர்கள் எனக்கு வேண்டியவர்கள். எனவே முறைப்படி, பொதுமக்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஓர் அரசாங்கப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றரை வருடம் தொடர்ந்து உறைநிலையில் இருந்த ஆட்டிறைச்சி உண்ணத் தக்கதா? உடனே பதில் வந்தது, தங்கள் கேள்வி பெறப்பட்டது என்று. பிறகு மௌனம். அந்த மௌனத்தின் இலக்கணம் எனக்குப் பரிச்சயமானது. நானும் அதில் பேசியிருக்கிறேன்.

தைப்பிங்கில் இருக்கும் என் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது; அக்கா இன்னும் அந்தப் பேச்சை விடவில்லை.

“ஒண்டரை வருசத்து ஆட்டிறைச்சியோ? உனக்கென்ன விசரே? இதைச் சாப்பிட்டு ஆருக்கும் ஏதும் நடந்தால் பேப்பரிலை உன்ரை உத்தியோகத்தைத்தான் முதல் போடுவாங்கள்.”

“இன்னும் சாப்பிடேல்லை, அக்கா.”

“சாப்பிடப்போறாய். உன்னை எனக்குத் தெரியும்.”

அந்தக் கறி எனக்கு ஒன்றும் செய்வதற்கு முன் என் பித்தப்பை முந்திக்கொண்டது. ஒரு காலையில் வலி தாங்காமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு நாற்காலியிலிருந்து திறந்த கதவு வழியாகப் பார்த்தவன் அவன்தான். அவன் போட்ட சத்தத்தில் அவன் மனைவி ஓடிவந்தாள். ஈப்போ மருத்துவமனையில் கல்லோடு பித்தப்பையையே எடுத்துவிட்டார்கள். புண்ணில் கிருமி தொற்றிக்கொண்டது. கிருமிகளைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவனிடம் அவை கொஞ்சம் கணக்குத் தீர்த்தன என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு மேல் படுக்கை.

என் பிள்ளைகள் திரையில் தோன்றி அக்கறையாகப் பேசினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடல் நடுவில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் இரவு ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்து, பேருந்து ஏறி வந்து, நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். நர்சுகள் அவளை என் மகள் என்று நினைத்தார்கள். அவள் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. பதிவேட்டில் உறவுமுறை தவறாக இருந்தால் திருத்தச் சொல்வதுதான் முறை.

“பிரீசர் ஓடுதா?” என்று ஒரு நாள் கேட்டேன். என் வீட்டுச் சாவி அவளிடம் இருந்தது.

“நான் எங்கய்யா போய்ப் பாக்க, வேலைக்கும் இங்கயும் ஓடவே சரியா இருக்கு. அவரத்தான் அனுப்பறேன். தெனம் ஒரு வாட்டி போயி பச்ச லைட்டு எரியுதான்னு பாத்துட்டு வரணும்னு சொல்லிட்டேன். தெறக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்.”

“போறானா?”

“மொத நாளு அர மணி நேரமாச்சாம், ரோட்டத் தாண்ட. அவரு ஆட்ட அவருதான பாக்கணும்?”

வீட்டுக்கு வந்த அன்று, அவள் என்னை வாடகைக் காரிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் முதலில் பார்த்தது பிரீசரின் பச்சை விளக்கை. எரிந்தது. இரண்டாவதாகப் பார்த்தது அடுப்பு மேடையில் இருந்த மைக்ரோவேவ் கடிகாரத்தை. அது பூஜ்ஜியங்களைக் காட்டி மின்னிக்கொண்டிருந்தது.

அந்தப் பூஜ்ஜியங்களுக்கு ஒரே பொருள்தான். நான் இல்லாதபோது என் வீட்டில் மின்சாரம் போயிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று கடிகாரம் சொல்லாது. ஒரு மணி நேரமா, மூன்று நாளா? இந்தப் பக்கம் மாலை இடிக்கு மெயின் சுவிட்ச் விழுவது சாதாரணம். யாராவது பார்த்துத் தூக்கிவிட வேண்டும். மூன்று நாள் விழுந்து கிடந்திருந்தால் அந்த ஆட்டை நான் கொட்டச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கட்டுப்போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். அவன் நாற்காலியில் இருந்தான், இங்கே தொங்காட் என்று சொல்லும் கைத்தடி மடியில்.

“வாங்க ஐயா. நீங்க எங்க நடந்து வரீங்க, டாக்டர் திட்டமாட்டாரா?”

“தம்பி, என் வீட்டுல கரண்டு போச்சா?”

அவன் தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“யாரு சொன்னா?”

“மைக்ரோவேவ்.”

“அவகிட்ட சொல்லிராதீங்க ஐயா.”

“எவ்வளவு நேரம் போச்சு? அத மட்டும் சரியாச் சொல்லு.”

“அசர் பாங்கு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல இடி. தாமான் முழுக்கப் போயிருச்சு. அப்புறம் எல்லா வீட்டுக்கும் வந்துச்சு. ஒங்க முன்வாசல் லைட்டு மட்டும் வரல. சுவிச்சு விழுந்துருச்சுன்னு தெரிஞ்சு போச்சு. இவ வேலைக்குப் போயிட்டா. மக்ரிப் பாங்குக்கு முன்னாடி நான் போயித் தூக்கி விட்டுட்டேன்.”

மசூதியிலிருந்து வரும் மாலைத் தொழுகை அழைப்புக்கும் சூரியன் மறையும்போது வரும் அழைப்புக்கும் இடையில் மூன்று மணி நேரம் இருக்காது. எனக்கு மூச்சு வந்தது.

“கொட்டுற மழையில எப்படிப் போன?”

“ஒரு கையில குட. ஒரு கையில ஒங்க சாவி.”

கைகளை எண்ணிப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“தொங்காட் எந்தக் கையில?”

அவன் தெருவைப் பார்த்தான். “அதான் ஐயா சொல்ல வேணாங்கறேன். நடந்தேன்னு சொன்னா எதுக்கு நடந்தேன்னு கேப்பா. கரண்டு போச்சுன்னு சொன்னா ஆடு போச்சுன்னு ஒக்காந்துருவா. ஆடு நல்லா இருக்குன்னு நீங்க வந்து சொல்ற வரைக்கும் நான் நடக்கவே இல்லன்னு வச்சுக்கிட்டேன்.”

“அன்னைக்கப்புறம்?”

“அவ இல்லாதப்ப நடப்பேன். அவ வந்தா தொங்காட்.”

ஒன்றரை வருடத்துக்கு மேல் நடக்காமல் இருந்தவன், நடந்ததை இத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறான். எதற்காக? என்னுடைய தீர்ப்புக்காக. நான் கையெழுத்திட்ட எந்தக் காகிதத்துக்கும் இப்படி யாரும் காத்திருந்ததில்லை.

திரும்பிப் போய்ப் பிரீசரைத் திறந்தேன். அவன் சொன்னதை நான் நம்பினேன். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. மேலே விருந்தாளிகளுக்காக வைத்திருந்த ஐஸ்கட்டிப் பை. இளகி மறுபடி உறைந்திருந்தால் எல்லாம் ஒரே பாளமாக ஒட்டியிருக்கும். குலுக்கினேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சலசலத்தது. அடியில் கிடந்த ஆட்டுப் பொட்டலங்களை ஒன்றொன்றாகப் புரட்டினேன். இளகியிருந்தால் இரத்த நீர் பையின் ஒரு மூலையில் தேங்கிச் சிவப்பு ஐஸாக நிற்கும். ஒரு பையிலும் இல்லை. வெப்பமானியைச் சொருகினேன். சரியாக இருந்தது. மூடியபடி நிறைந்திருக்கும் இந்த மாதிரிப் பிரீசர் ஒரு நாள் முழுக்கவே குளிரை விடாது. மூன்று மணி நேரம் அதற்குத் தும்மல்.

காலையில் அவள் வேலை முடிந்து வந்ததும் இரண்டையும் சேர்த்தே சொன்னேன், எது முந்துவது என்ற பிரச்சினை வராதபடி. அவள் கேட்ட முதல் கேள்வி, “ஆடு நல்லா இருக்காய்யா?” என்பது.

“சாப்பிடலாம். நான் சொல்றேன்.”

பிறகுதான் அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள். “எந்திரிங்க,” என்றாள். “நடங்க பாப்போம்.”

அவன் தடியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தான். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து, தெருவின் நடுவில் ஒரு மோட்டார்சைக்கிளுக்கு வழிவிட்டு நின்று, பிறகு என் வேலிக் கதவு வரைக்கும் வந்தான்.

“இத்தன நாளா இந்த மனுசன் என் முன்னால தொங்காட்ட டொக்கு டொக்குன்னு ஊனிக்கிட்டு நடந்தாருய்யா,” என்று என்னிடம் முறையிட்டாள். “நான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். செருப்பு மாட்டி விட்டேன்.”

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றான் அவன்.

“இருக்கும் லா. ஏன் இருக்காது?” அவள் என் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் தேநீர் போடப் போனேன். திரும்பி வரும்போது இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாசியிலேயே படையல் வைப்பதா, பங்குனி பிறந்த பிறகா என்று.

பங்குனி முதல் ஞாயிறு என்று முடிவாயிற்று. கறியை வெளியே எடுக்கும் விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரு மோதல் நடந்தது. அவள் வழக்கப்படி தொட்டியில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்துவிடலாம் என்றாள். வெளிப்புறம் இளகி உள்ளே கட்டியாக இருக்கும்போதுதான் தூங்கிய கிருமிகள் விழித்துக் குடும்பம் நடத்தும் என்று நான் சொன்னேன்.

“எங்கம்மா அப்படித்தான்யா செய்வாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல.”

“உங்க அம்மா ஒன்றரை வருஷத்து ஆட்டை வச்சிருந்தாங்களா?”

கடைசியில் என் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுகளைக் காலி செய்து, தட்டங்களில் பரப்பி, இரண்டு இரவுகள் அதற்குள்ளேயே மெல்ல இளக விட்டோம். காய்ந்து வெளுத்த ஓரங்களையும் பழுப்பேறிய கொழுப்பையும் நான் பக்கத்தில் நின்று வெட்டி எறிய வைத்தேன். நன்றாகக் கொதித்து வேக வேண்டும் என்று சொன்னேன். “பச்சையாவாய்யா படைப்போம்?” என்று கேட்டாள்.

தோட்டம் இருந்த இடத்தில் பாதி செம்மண் மேடு. பாதியில் புதிய வீடுகளின் கூரைகள். கோயில் மட்டும் தகர வேலிக்குள் ஒரு மரத்தடியில் நின்றது. ஒன்பதாவது மாடி அண்ணன் விறகு அடுப்பு மூட்டியிருந்தார். கறி கொதிக்கக் கொதிக்க நான் சுற்றிச் சுற்றி வந்தேன். படையல் இலைகள் போட்டு, சுருட்டும் மற்றதும் வைத்து, பூசை முடிந்தது. பூசாரி என்னைக் கூப்பிட்டார். வயதானவர், கறியை ஐஸில் வைக்கச் சொன்ன அதே தீர்ப்புக்காரர்.

“நீங்கதான் இன்ஸ்பெக்டர் ஐயாவா? எல்லாரும் ஒங்கள பாத்துக்கிட்டு இருக்காங்க. சாப்பிடலாமா?”

“மேலிடத்துல கேட்டிருக்கேன். இன்னும் எழுத்துல பதில் வரல.”

“நானும் மேலதான் கேட்டேன்,” என்றார் அவர். “எனக்கும் எழுத்துல வரல லா.”

சுற்றிலும் பார்த்தேன். முப்பது பேர் இருக்கலாம். இலையில் கறி ஆவி பறக்கக் கிடந்தது. யாரும் கை வைக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் அகப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் மருத்துவமனையில் தூங்கி வழிந்தபோது இருந்த அதே களைப்பு. அவள் பக்கத்தில் கணவன், தடி இல்லாமல்.

உட்கார்ந்தேன். முதல் கவளத்தை நான் எடுத்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். கறி சற்று நார்நாராக இருந்தது. மிளகும் பட்டையும் எவ்வளவு முயன்றும், அடியில் அலமாரியைத் திறந்த மாதிரி ஒரு பழைய வாடை லேசாக வந்தது. தர மதிப்பீடு என்றால் தேர்ச்சிக்குக் கொஞ்சம் மேலே. பாதுகாப்பு மதிப்பீடு என்றால் குறையில்லை. என் வாழ்நாளில் நான் சாப்பிட்ட விருந்துகளில் மூன்றாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

“ஐயா சாப்பிட்டுட்டாரு,” என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அன்றிரவும் மறுநாளும் நான் என் வயிற்றைக் கவனித்தேன். அது பித்தப்பை இல்லாமல் அமைதியாக இருந்தது. மறுநாள் மாலை தெருவைக் கடந்து போய் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்தேன். யாருக்கும் ஒன்றுமில்லை. அக்காவுக்கும் போன் செய்தேன். “உயிரோட இருக்கிறாய்தானே, பிறகென்ன,” என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வேண்டுதல்களில் நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அவன் நடந்ததற்கு எலும்பு மருத்துவர் ஒரு காரணம் சொல்வார். தினமும் ஒரு தடவை தெருவைக் கடந்ததே சிகிச்சை என்பார். அவன் மனைவி வேறு காரணம் சொல்வாள். இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். என் கணக்கில் நிற்பது இவ்வளவுதான்: நான் தரையில் விழுந்த காலையில் என்னைப் பார்க்க ஒருவன் எதிரே உட்கார்ந்திருந்தான். நான் படுத்துக்கிடந்த நாட்களில் அவன் நடந்து போக என் வீடு இருந்தது. எனக்கு முறைப்படி நன்றி சொல்லத் தெரியும். பிரிவுபசார விழாக்களில் பல முறை சொல்லியிருக்கிறேன். இதற்கு அந்த வார்த்தைகள் பொருந்தவில்லை. அதனால் அவர்களிடம் இன்று வரை சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

அவனுக்குப் பழைய முதலாளி மறுபடியும் வேலை கொடுத்தார். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீன் ஏற்றி வரும் சிறிய லோரி. மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும் வேலை இல்லை. முதல் நாள் விடிகாலையில் தெருமுனையில் லோரி நின்றது. அவன் மனைவி சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். அவன் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டே நடந்தான். லோரி கிளம்பிய பிறகு நான் உள்ளே வந்து கணினியைத் திறந்தேன். என் கேள்விக்குப் பதில் வந்திருந்தது. தொடர்ந்து உறைநிலையில் இருந்த இறைச்சி காலம் நீண்டாலும் பொதுவாகப் பாதுகாப்பானது, தரம் குறையலாம், மேலும் விளக்கம் தேவைப்பட்டால் தங்கள் நகரின் சுகாதாரப் பிரிவு ஆய்வாளரை அணுகவும். பதிலில் இருந்த தேதியைப் பார்த்தேன். பங்குனி உத்திரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை. படையல் கறி அதற்கு முன்பே செரித்துவிட்டது.